பெருவிழாவின் பானம்

உயிர்ப்புப் பெருவிழா நெருங்கும் நாள்களில் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய வடநாடுகளின் கடைகளில் ஒரு தனி வகைப் பீர் வந்து நிற்கும். அதன் பெயரே பாஸ்காப் பீர். முளைகட்டிய பார்லியிலிருந்து வடிக்கப்படும் அது, நாள்தோறும் அருந்துவதைவிடப் பெரும்பாலும் நிறமும் செறிவும் மிகுந்தது. பெரிய ஆலைகள் மட்டுமன்றி, அண்மைக் காலத்தில் ஊர்தோறும் தோன்றியுள்ள சிறு வடிப்பாலைகளும் தத்தம் கைவண்ணத்தை அதில் காட்டுகின்றன. குப்பிகளில் மஞ்சள் நிறமும் கோழிக்குஞ்சும் முட்டையும் விளங்கும். விழா முடிந்ததும் அது மறைந்துவிடும். மீண்டும் பருக ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

சுவீடனில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது இதை விவரித்து, “நம்முடைய பெருவிழாவுக்கென்று அப்படியொரு பானம் இல்லையே, ஐயா?” என்று நம்மிடம் வினவினார். எளிய வினாதான், ஆயினும் நம்மைச் சிந்திக்க வைத்தது.

அந்நாட்டு வழக்கத்தில் நம் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. முதலாவது, வரம்பு. நம் மாநிலத்தில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதுபோல, சுவீடனிலும் 3.5 விழுக்காட்டுக்கு மேல் சாராயச் சத்துள்ள பீரை அரசு நிறுவனமான சிஸ்டம்போலாகெட் கடைகளில்தான் பெரும்பாலும் வாங்க இயலும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரிய வெள்ளியன்றும் அக்கடைகள் திறப்பதில்லை. இரண்டாவது, மது அருந்தாதாருக்கும் பந்தியில் இடமுண்டு. 1910-இல் ஹாரி ராபர்ட்ஸ் என்பவர் தம் தந்தையுடன் சேர்ந்து, பீருக்கு மாற்றாக, பார்லி மால்ட்டும் ஹாப்ஸும் கலந்த மயக்கமற்ற இனிய பானமொன்றை உருவாக்கினார். கிறிஸ்து பிறப்புக்கு ‘யூல்முஸ்ட்’, பாஸ்காவுக்கு ‘போஸ்க்முஸ்ட்’ என்னும் பெயர்களில் அது இன்றும் விற்பனையாகிறது.

நமக்கு அப்படியொன்று இல்லையா? மதுரைக்குக் கிழக்கே மானாமதுரை, இராமநாதபுரம் நோக்கிச் செல்லும் சமவெளியில் வரிசையாய் நிற்கும் பனைகளைப் பாருங்கள். 1978 முதல் நம் மாநில மரமாக விளங்குவது பனையே. பல பங்குகளில் குருத்து ஞாயிறன்று நாம் ஏந்துவது அதன் இளங்குருத்தைத்தான். அவ்வோலையே காய்ந்து, எரிந்து, மறு ஆண்டுச் சாம்பல் புதனன்று நம் நெற்றிக்கு வருகிறது. தவக்காலமும் உயிர்ப்பும் வரும் அதே கோடையில்தான் அம்மரம் பதநீரையும் சுரக்கிறது. பனையேறுபவர் காலையும் மாலையும் ஏறி, பாளையைப் பக்குவப்படுத்திச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். அச்சுண்ணாம்பு சாறு புளிப்பதைத் தடுக்கிறது. அது இல்லையேல் அதே மரத்தின் அதே சாறு கள்ளாகிவிடும். 1987 முதல் நம் மாநிலத்தில் கள்ளுக்குத் தடை உண்டு, பதநீருக்கு இல்லை. ஒரு சிறு சுண்ணாம்புப் பூச்சே அவ்விரண்டையும் பிரிக்கிறது!

நம் தவ முயற்சிகளையும் அக்கலயத்தோடு ஒப்பிடத் தோன்றுகிறது. சாம்பல் புதன் முதல் மதுவைத் தொடாத ஆண்கள் நம் ஊர்களில் பலர். அந்நாற்பது நாள்களில் அவர்தம் இல்லங்களில் நிலவும் அமைதியை நாம் கண்டிருக்கிறோம். கூலி முழுதாக வீடு சேர்கிறது. பிள்ளைகள் அஞ்சாமல் உறங்குகின்றனர். ஆனால், பாஸ்காத் திருவிழிப்பு முடிந்து ‘அல்லேலூயா’ ஒலி அடங்குமுன்னே, அடக்கிவைத்த தாகமெல்லாம் ஒரே இரவில் கரை உடைக்கிறது. கல்லறை திறந்த நாளை ஒரு தாய் அச்சத்தோடு எதிர்நோக்குவது எத்துணைக் கொடுமை! நோன்பு இச்சையைப் பதப்படுத்தவில்லை. தேக்கி மட்டுமே வைத்திருந்தது.

திருச்சபை திராட்சை இரசத்தைப் பழித்ததில்லை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் ஆறு கற்சாடி நீரை இரசமாக்கினார். அவரே இறுதி இராவுணவில், இறையாட்சி வரும்வரை அதைப் பருகுவதில்லை என்றும் உரைத்தார். விழாவின் பானம் காத்திருப்பைக் கற்பிப்பது என்பதே நாம் இவற்றில் உணரும் பாடம். வடநாட்டார் ஓராண்டு காத்து ஒரு குப்பியைத் திறக்கின்றனர். ஆண்டு முழுதும் கிடைப்பதை விழாவன்றும் குடிப்பவருக்கு விழா என்று தனியே ஏது?

ஆகவே அவ்விளைஞருக்கு நாம் அளித்த விடை இது: நமக்கும் ஒரு பாஸ்காப் பானம் உண்டு. பெண்கள் கல்லறைக்கு விரைந்த அதே அதிகாலையில்தான் பதநீரும் மரத்திலிருந்து இறங்குகிறது. வெயில் ஏறுமுன் பருகினால்தான் அதற்குச் சுவை. உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின், பங்கு மக்கள் அருகிலுள்ள பனைத் தொழிலாளரிடம் நல்ல விலைக்கு வாங்கி, பனையோலைப் பட்டையில் ஊற்றி ஒருவருக்கொருவர் வழங்கலாமே. குழந்தையும் முதியவரும், நாற்பது நாள் நோற்ற தந்தையும் ஒரே கலயத்தில் பங்குகொள்வர். பனைக் குடும்பத்துக்கும் அன்று அடுப்பெரியும். அந்த வீட்டுத் தாயும் அச்சமின்றி விழாக் கொண்டாடுவாள்.