தோட்டம் எரிந்தது, ஊர் நின்றது

செஷல்ஸின் தலைநகரான விக்டோரியாவில் யாரிடம் வழி கேட்டாலும் மணிக்கூண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தெருக்கள் கூடும் முனையில், வெள்ளி நிறப் பூச்சோடு ஒல்லியாக நிற்கிறது அது. லண்டனில் விக்டோரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூண்டின் நகல். 1903இல், செஷல்ஸ் மொரீஷியஸிலிருந்து பிரிந்து தனிக் காலனி ஆன வருடம், இங்கே நட்டார்கள். ஊருக்கு விக்டோரியா அரசியின் பெயர் வந்தது 1841இல். சரி, அதற்கு முன்னால்? மஹே தீவில் இத்தனை கடற்கரைகள் இருக்க, இந்த இடத்தில் யார், எதற்காக ஊர் வைத்தார்கள்? அந்தக் கேள்வியோடுதான் கூண்டிலிருந்து நடக்க ஆரம்பித்தேன்.

பக்கத்திலேயே தேசிய வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ஒரு கல் இருக்கிறது. 1756 நவம்பரில் கப்பல் தலைவர் மோர்ஃபி, பிரெஞ்சு மன்னரின் பெயரால் தீவை உரிமை கொண்டாடி நட்டது. நட்டதோடு சரி. கப்பலேறிப் போய்விட்டார்.

மனிதர்கள் வந்து தங்கியது 1770 ஆகஸ்டில்தான், அதுவும் இந்தக் கரையில் இல்லை. துறைமுகத்துக்கு எதிரே கடலில் தெரியும் செயின்ட் ஆன் தீவில் 28 பேர் இறங்கினார்கள்: 15 வெள்ளையர்கள், 7 அடிமைகள், 5 இந்தியர்கள், ஒரு கறுப்பினப் பெண். அந்த ஐந்து இந்தியர்களைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று மனம் அலைந்தது. புத்தகங்களில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

ஊர் பிறந்த கதையின் முக்கிய ஆள் பியர் புவாவ்ர். மொரீஷியஸை நிர்வகித்த பிரெஞ்சு அதிகாரி. சாதிக்காயும் கிராம்பும் டச்சுக்காரர்களின் பிடியில் இருந்த காலம் அது. அந்தப் பிடியை உடைக்கக் கன்றுகளைக் கடத்திக்கொண்டு வரவைத்தவர். மஹேயின் தென்கிழக்குக் கரையில், ஆன்ஸ் ரோயாலில், அவர் அனுப்பிய அந்துவான் ஜிலோ 1772இல் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார். சாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை, மிளகு என்று நம் அஞ்சறைப் பெட்டியே மண்ணில் இறங்கியது.

ஆனால் குடியேறியவர்களுக்குத் தோட்டத்தைவிட ஆமை லாபமாகத் தெரிந்தது. வாரக்கணக்கில் தண்ணீரும் தீனியும் இல்லாமல் உயிரோடு கிடக்கும் ராட்சத ஆமை, கப்பல்காரர்களுக்குக் கெட்டுப்போகாத இறைச்சி. கையில் கிடைத்ததையெல்லாம் விற்றார்கள். மரங்களையும் விடவில்லை. இந்தச் சூறையாடலை அடக்கவும் பிரெஞ்சு ஆட்சியை நிலைநிறுத்தவும் 1778இல் லெஃப்டினன்ட் ரொமேன்வில், 15 சிப்பாய்களோடு வந்தார். செயின்ட் ஆன் தீவைப் பார்த்த கரையில் பாசறை, மருத்துவமனை, சிறை, ஆமைப் பட்டி என்று கட்டினார். பட்டியும் சேர்ந்ததுதான் இன்றைய தலைநகரம்! ஆமைகளை அது காப்பாற்றியதாகவும் சொல்ல முடியாது. 1784 முதல் 1789 வரை மட்டும் மஹேயிலிருந்து ஏறத்தாழ 13,000 ஆமைகள் கப்பலேறின.

1780இல் தூரத்தில் ஒரு கப்பல் தென்பட்டது. ஆங்கிலேயர்கள் வருகிறார்கள், வாசனைச் செடிகள் அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று ரொமேன்வில் தோட்டத்துக்குத் தீ வைக்கச் சொன்னார். எரிந்த பிறகுதான் தெரிந்தது, வந்தது பிரெஞ்சுக் கப்பல். லவங்கப்பட்டை மரம் மட்டும் தப்பியது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை மலையெங்கும் போட்டன. பின்னாளில் தீவின் ஏற்றுமதிப் பொருளாகவே ஆனது. செல்வின்-கிளார்க் சந்தையில், மீன் பலகைகளைத் தாண்டிப் போனால், அந்தப் பட்டை கட்டுக்கட்டாக விற்கிறது.

எரிப்பதில் அவசரப்பட்ட ரொமேன்வில்லைவிட, பின்னால் வந்த தளபதி கேன்சி எனக்குப் பிடித்த ஆள். 1794இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்தார். அவர்கள் போனதும் பழையபடி பிரெஞ்சுக் கொடி. மறுபடி வந்தால் மறுபடி சரண். 1814இல் தீவு சட்டப்படி பிரிட்டனுக்குப் போனது. மனிதர் ஊரை விட்டுப் போகவில்லை. பெயரின் எழுத்தை ஆங்கிலப் பாணிக்கு மாற்றிக்கொண்டு, புதிய ஆட்சியிலும் நீதிபதியாக இருந்து, 1827இல் இங்கேயே இறந்தார். சமாதி அந்நாளைய ஆளுநர் மாளிகை வளாகத்தில்.

அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. அதில்தான் 1992இல் நவசக்தி விநாயகர் கோயில் எழுந்தது. செஷல்ஸ் தமிழர்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது அந்தக் கோயிலுக்குத்தான்.