பின்கட்டு டிரம்

ஜனவரி 18
பொங்கல் முடிந்தது. கரும்புச் சக்கை, வாழையிலை, மஞ்சள் தழை, காய்கறித் தோல் எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை. இந்த முறை குப்பை வண்டியில் போட மனமில்லை. 100 லிட்டர் நீல டிரம்மில் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் துளையிட்டு, செங்கல் மேல் ஏற்றி, எல்லாவற்றையும் கொட்டினேன். மேலே ஒரு சொம்பு புளித்த மோர்.

ஜனவரி 23
மூடியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, எலி ஏதும் செத்துக் கிடக்கா?" என்றாள். அடியில் கறுப்பாக நீர் கசிகிறது. தப்பு என்னுடையது. ஈரக் கழிவை மட்டும் போட்டால் காற்று புகாமல் கூழாகி அழுகும், மட்காது. தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேண்டும். அந்தக் கரிச்சத்து காய்ந்த சருகில்தான் இருக்கிறது. கைக்கணக்காகச் சொன்னால், ஒரு கூடை ஈரத்துக்கு இரண்டு கூடை சருகு.

ஜனவரி 24
தெருமுனை வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது. தெரு கூட்டும் அம்மா சருகைக் குவித்துத் தீ வைக்கப் போனார். ஓடிப்போய், "எரிக்காதீங்கம்மா, எனக்குத் தாங்க" என்றேன். "சருகைப் போய் யாராச்சும் கேப்பாங்களா தாயி?" என்றவர், மூன்று சாக்கு நிரப்பிக் கொடுத்தார். டிரம்மைக் கவிழ்த்து, சருகும் கொஞ்சம் தோட்டத்து மண்ணும் கலந்து திரும்ப நிரப்பினேன்.

ஜனவரி 28
நாற்றம் போயே போய்விட்டது! நடுவில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவித் தொட்டால் சுடுகிறது. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும் சூடு அது. ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் செய்து பார்த்து 1931-இல் எழுதிய புத்தகத்தில் சொன்ன வழியும் இதுதான்: செடிக் கழிவையும் சாணத்தையும் கலந்து, ஈரம் காத்து, புரட்டிப் போடுவது. என்னிடம் மாடு இல்லை. மோரும் மண்ணும் போதுமாயிருக்கின்றன.

பிப்ரவரி 9
கொழுத்த புழுக்கள். கை கூசியது. ஈயின் புழுதான், கழிவைத் தின்னும், செடியைத் தொடாது. மேலே ஒரு கை உயரம் சருகு மூடினேன். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். அந்தப் பதம் வந்திருக்கிறது.

மார்ச் 1
கழுத்துவரை இருந்தது பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. கரும்புச் சக்கை இன்னும் நார்நாராக இருக்கிறது. அவசரப்பட்டுப் போட்டால் அரைகுறை உரம் செடிக்கான தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். பொறுத்திருப்போம்.

ஏப்ரல் 12
சலித்தேன். இரண்டு பாண்டு உரம், கன்னங்கரேலென்று. முதல் மழை மண்ணின் வாசனை. ஒரு பங்கு உரத்துக்கு இரண்டு பங்கு செம்மண் கலந்து வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினேன். சாக்குகளில் சருகு தீர்ந்துவிட்டது. வேம்பு முழுக்கத் துளிர்த்து நிற்கிறது. அது மறுபடி உதிர்க்க அடுத்த வருஷம் ஆகும். மூன்று சாக்கோடு நின்றது தவறு, பத்து சாக்கு சேர்த்திருக்க வேண்டும்.