பண்டகசாலைப் புதிர்

கலைப்பீட மாணவன் ஒருவன் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் புகுங்கால் சங்கச் செய்யுளையோ கல்வெட்டையோ நாடுவதே மரபு. கணனி விளையாட்டுப் பற்றி எழுதப்போகின்றேன் என்றதும் விடுதி நண்பர் இருவர் நகைத்தனர். ஒருவர் மாத்திரம், "எந்த விளையாட்டு?" என வினவினார். அவரை நம்பியே இதனை எழுதுகின்றேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுதல் நன்று. உயர்தரப் பரீட்சைக்கு நான் இரு தடவை தோற்றியவன். முதற்றடவை தவறியமைக்குச் சோம்பல் காரணம் அன்று. பத்தாண்டு வினாத்தாள்களையும் விடைகளோடு சேர்த்து உருப்போட்டிருந்தேன். வினாவை வாசித்து முடிக்குமுன்னரே என் கை விடைப்பக்கத்தைப் புரட்டிவிடும். பரீட்சை மண்டபத்தில் வினா சற்றே உருமாறி வந்தபொழுது புரட்டுவதற்குப் பக்கம் இருக்கவில்லை. தெரியாத ஒன்றின் முன்னால் அமர்ந்திருக்கும் பழக்கம் எனக்கு வாய்க்கவேயில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பல்கலைக்கழகம் புகுந்த பின்னர் புதிர் விளையாட்டுகளைத் தேடத் தொடங்கியமைக்கு இதுவே காரணம் எனச் சொன்னால் அது முழு உண்மையாகாது, பொழுதுபோக்கவே தேடினேன். ஆயினும் தேடலில் கிடைத்தவை பெரும்பாலும் என் பழைய நோயையே வளர்த்தன. கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் புதிர்கள் பல, சற்றுத் தயங்கினாலும் "குறிப்பு வேண்டுமா?" என்று கேட்கும். அரை நிமிட விளம்பரம் ஒன்றைப் பார்த்தால் விடை கைக்கு வந்துவிடும். வேறு சில கடினமானவை என்று பெயர் பெற்றிருந்தன. ஆனால் அக்கடினம் விரலுக்குரியது, அறிவுக்குரியதன்று. உண்மையாகவே சிந்தனையைச் சோதிப்பவை என்று பலராலும் பாராட்டப்படும் 'த விற்னஸ்' (2016) போன்றவையோ டொலரில் விலை குறிக்கப்பட்டவை. 2022 இல் ரூபா வீழ்ந்ததன் பின் அவ்விலையை உணவுச்சாலைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் மனம் துணியவில்லை.

நண்பர் ஒருவரின் கணனியில் 'பாபா இஸ் யூ'வைச் சில இரவுகள் ஆடக் கிடைத்தது. பின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி தெய்க்காரி 2019 இல் வெளியிட்டது. அதில் விளையாட்டின் விதிகளே சொற்கட்டைகளாகத் திரையிற் கிடக்கும். 'சுவர்', 'ஆகும்', 'தடை' என்ற பொருள்படும் மூன்று கட்டைகள் வரிசையாக நிற்கும்வரை சுவர் தடுக்கும். ஒன்றைத் தள்ளி வாக்கியத்தைக் குலைத்துவிட்டால் சுவரினூடே நடந்து போகலாம். இலக்கணம் கற்கும் மாணவர் எவரும் இதனை ஒரு முறையாவது ஆடிப்பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு. எழுவாயை மாற்றினால் உலகம் மாறும் என்பதை எந்த விரிவுரையும் எனக்கு இத்துணை தெளிவாகக் காட்டியதில்லை. (விரிவுரையாளர்கள் பொறுத்தருள்க.)

பின்னர்தான் ஓர் உபாயம் புலப்பட்டது: பட்டியல்களை நம்பாமல் ஆக்கியோரைத் தொடர்தல். ஸ்டீபன் லவெல் என்பார் 2013 இல் 'பசில்ஸ்கிரிப்ட்' எனும் இலவசக் கருவியை வெளியிட்டார். அதனைக் கொண்டு பலர் ஆக்கிய சிறு புதிர்களை, பழைய கணனியிலும், காசின்றி ஆடலாம். அவற்றுட் பலவற்றின் மூலவேர் ஒன்றே என்பதைக் கண்டேன். அதுதான் சோக்கோபன்.

யப்பானியரான ஹிரோயுக்கி இமபயாஷி ஆக்கி, 'திங்கிங் ரபிட்' நிறுவனம் 1982 இல் வெளியிட்ட இவ்விளையாட்டின் பெயருக்குப் பண்டகசாலைக் காவலன் என்று பொருள். ஒரு களஞ்சியம், சில பெட்டிகள், அவை சேரவேண்டிய இடங்கள், ஒரு மனிதன். அவன் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரே வேளையில் ஒன்றுக்கு மேல் தள்ளவும் முடியாது. விதி இவ்வளவே. பத்தாம் நகர்விற் செய்த பிழை நூறாம் நகர்விலேதான் தெரியவரும். அதுவரை விளையாட்டு வாய்திறவாது. 1997 இல் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கல்பர்சன், இப்புதிர் கணிப்பியலில் மிகக் கடினமான வகுப்பொன்றைச் சேர்ந்தது என நிறுவினார். எல்லாச் சோக்கோபன்களுக்கும் விரைந்து விடைகாணும் பொதுவழி ஒன்று அகப்படும் என அறிஞர் எதிர்பார்ப்பதில்லை.

சென்ற விடுமுறையில் வவுனியாவில் வீட்டுத் திண்ணையில் இருந்து ஒரு கட்டத்தோடு மூன்று நாளாகப் போராடிக்கொண்டிருந்தேன். அந்தக் கணனி அம்மாவின் காப்பை ஈடுவைத்து வாங்கியது. காப்பு மீளவில்லை. அப்பா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"கம்பசுக்கு விட்டது உதுக்கே?"

பதில் சொல்ல நா எழவில்லை. அவரோ அவ்விடம் விட்டு அகலவுமில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பண்டகசாலையில் இருபத்தேழு ஆண்டுகள் மூட்டை அடுக்கியும் அடுக்குவித்தும் வாழ்ந்தவர் அவர். திரையையே சற்றுநேரம் நோக்கினார்.

"உவன் இழுக்கமாட்டானோ?"

"ஏலாதப்பா. தள்ள மட்டுந்தான்."

"அப்ப மூலைக்கை போனது போனதுதான்." சற்றுத் தாமதித்து, "வாசலடியிலை ஏன் முதல் வைச்சனி? உள்ளுக்குப் போறது எல்லே முதல் போகவேணும். பிறகு என்னெண்டு உள்ளடுவாய்?" என்றார்.

மூன்று நாளாக என் கண்ணுக்குப் புலப்படாதது அது. ஆட்டக்காரர்கள் நாள்கள் செலவிட்டு அறியும் விதியை அவர் நின்ற நிலையிலேயே சொன்னார். அன்றிரவு விளக்கணையும்வரை இருவரும் திரையின் முன் இருந்தோம். அப்பாவின் வழியில் இறுதிப் பெட்டிவரை சென்று, அங்கு அகப்பட்டுக்கொண்டோம். பண்டகசாலை அனுபவம் அதற்குமேல் உதவவில்லை. "ஒழுங்கா வைச்ச சாமானை ஆரும் கலைப்பினமோ?" என்று அவர் மறுத்துவிட்டார். கலைக்கத்தான் வேண்டியிருந்தது: உரிய இடத்தில் ஏற்கெனவே வைத்த பெட்டியொன்றை வெளியே தள்ளி, மனிதனுக்கு வழிவிட்டு, மீண்டும் உள்ளே கொணர்தல் வேண்டும். விடுதிக்குத் திரும்பிய ஆறாம் நாள் அதனைக் கண்டுபிடித்தேன். இடையில் எத்தனையோ தடவை விடையை வேறிடத்தில் தேடிப்பார்க்கக் கை எழுந்தது. ஏன் அடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அப்பாவுக்கு என்ன சொல்வது என்ற கூச்சமாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவோடு பேசி முடிந்ததும் அவர் வாங்கினார். காப்பைப் பற்றிக் கேட்பார் என்று அஞ்சினேன்.

"அந்தக் கடைசிப் பெட்டி?"

"முடிஞ்சுதப்பா. அது என்னெண்டால்..."

"பொறு, பொறு. சொல்லாதை," என்றார் அப்பா. "நான் கொப்பியிலை கீறி வைச்சிருக்கிறன். இன்னும் ரெண்டு நாள் பாப்பம்."