ஆகாயம் கற்றுத்தந்த வியாபாரம்

ஒத்தக்கடையில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை உண்டு. வாசலில் நின்றால் யானைமலை தெரியும். எப்போதாவது மலைக்கு மேலே ஒரு விமானம் போகும். அதற்கும் எங்கள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு பெய்த மழையில் எங்கள் கிட்டங்கிக் கூரை ஒழுகிப் பதினான்கு மூட்டை அரிசி நனைந்தது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடையில் வேலை பார்க்கும் அண்ணன் மெல்லச் சொன்னார்: "போன வாரமே சொட்டுச்சு முதலாளி. சொன்னா வைவீங்கன்னு சொல்லல."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. எனக்கோ வெட்கம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன் எண்ணெய் டின் ஒழுகுவதை அவரேதான் வந்து சொன்னார். அப்பா அவரை வைது, நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்தார். கல்லாவில் உட்கார்ந்து அதைக் கழித்து எழுதியவன் நான்.

அந்த வாரம் நூலகத்தில் விமானப் பாதுகாப்பு பற்றிப் படிக்க நேர்ந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் மேலெழும்பியதும் விழுந்து நொறுங்கியது. இயந்திரத்தில் பழுதில்லை. காற்றில் ஆடாதபடி சுக்கான்களுக்குப் போட்டிருந்த பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர்களோ கைதேர்ந்தவர்கள்! புறப்படுமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல் அதன் பிறகுதான் விமானிகளின் வழக்கமாயிற்று.

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரு விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். எதிரிலுள்ள விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பொறியாளர் ஐயம் எழுப்பினார். தலைமை விமானி பொருட்படுத்தவில்லை. இளையவர் சொல்லுக்கும் மூத்தவர் செவிகொடுக்கும் பயிற்சி பின்னர் வந்தது. தவறைத் தாமே தெரிவிப்பவரின் பெயரை மறைத்துக் காக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் 1976 முதல் உண்டு.

நம் பக்கத்துத் திருச்சியில் 2018 அக்டோபர் 12 அன்று துபாய்க்குப் புறப்பட்ட விமானம் சுற்றுச்சுவரில் இடித்துப் பறந்து, மும்பையில் பத்திரமாக இறங்கியது. 136 பேரும் பிழைத்தனர். 'தப்பித்தோம்' என்று விட்டுவிடவில்லை. விசாரித்துக் காரணம் கண்டார்கள். நாமோ கூரை சொட்டினால் வாளியை வைக்கிறோம்.

இவற்றை அப்பாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் கடையில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். முதல் பக்கத்தில் கடை சாத்துமுன் பார்க்க வேண்டியவை: கூரை, மின்சாரம், கல்லா, பூட்டு. மற்ற பக்கங்களில் யார் எந்தக் குறையைக் கண்டாலும் எழுதலாம். எழுதியவருக்கு வசவும் இல்லை, சம்பளப் பிடித்தமும் இல்லை.

முதல் வரியை அப்பாவே எழுதினார்: "எண்ணெய் டின்னுக்குச் சம்பளம் பிடித்தது தப்பு. திருப்பிக் கொடுத்தாச்சு." அடுத்த வரி அண்ணனுடையது: "மெயின் சுவிட்ச் சூடாகிறது." எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தார், உள்ளே வயர் கருகியிருந்தது.

வருமுன் காப்பது பற்றி வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் சொன்னதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அதன் பொருள் விளங்கப் பதினான்கு மூட்டை அரிசி நனைய வேண்டியிருந்தது.

— மூன்றாம் ஆண்டு, வணிகவியல்