அம்மா சும்மா இருந்த மதியம்

என் மகள் பிறந்தபோது நாங்கள் அமெரிக்காவில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் இருந்தோம். பேறுகாலம் பார்க்கக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அம்மா வந்தார். விசிட்டர் விசா, ஆறு மாதம். எங்கள் குடியிருப்பில் அம்மாவைப் போல இன்னும் நாலைந்து அம்மாக்கள் இருந்தார்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பேரக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து மாலையில் நடப்பார்கள். ஒருவர் ஆறு மாதம் முடிந்து ஊருக்குக் கிளம்பினால் அந்த வீட்டுச் சம்பந்தியம்மா வந்து இறங்குவார். மில்லில் ஷிஃப்ட் மாறுவது போல. அப்போது அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

அந்த நாட்டில் மத்திய அரசுச் சட்டப்படி, தனியார் வேலையில் இருக்கும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு கிடையாது. 1993-இல் வந்த சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். நான் பத்தாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். யாரும் வரச் சொல்லவில்லை. என் விசா கம்பெனியோடு கட்டப்பட்டிருந்தது, அந்தப் பயமே போதுமாக இருந்தது.

வாரத்துக்கு 40 மணி நேரம் என்றுதான் பேச்சு. 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்ற விதி 1938-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே வருகிறது. ஆனால் என்னைப் போல மாதச் சம்பளம் வாங்கும் மென்பொருள்காரர்களுக்கு அதிலிருந்து விலக்கு. அதனால் இரவு பத்து மணிக்கு வரும் அழைப்புக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களைக்கூட 1974 வரை அந்தச் சட்டம் கண்டுகொள்ளவில்லை. அலுவலகத்தில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் எல்லோரும் "பிஸி" என்பார்கள். குரலில் சலிப்பு இருக்கும், அடியில் பெருமை இருக்கும். சீக்கிரமே எனக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது.

அம்மா ஊரில் போலவே அங்கும் நாலரை மணிக்கு எழுந்தார். குழந்தையைக் குளிப்பாட்டினார், பத்தியச் சமையல் செய்தார், பாத்திரம் தேய்த்தார், துணி மடித்தார். நான் படுக்கையறையில் மேசை போட்டுக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து காபித் தம்ளரை வைத்துவிட்டுப் போகும்.

ஊருக்குக் கிளம்பும் அன்று விமான நிலையத்தில் அம்மா சொன்னார். "உன்ற மூஞ்சியப் பாத்ததவிட முதுகப் பாத்ததுதாங் கண்ணு சாஸ்தி."

எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காக இப்படி உழைக்கிறேன் என்று மனசுக்குள் கத்தினேன். காரில் திரும்பும் வழியில்தான் வேறொன்று உறைத்தது. அந்த ஆறு மாதத்தில் அம்மாவுக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை. நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் அம்மாவின் மணி நேரம். என் கம்பெனிக்கு அம்மா கூலியில்லாமல் வேலை பார்த்திருக்கிறார். இந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார், என் கணவர். குழந்தை பிறந்த பிறகு அவருடைய ஒரு நாளும் மாறவில்லை. நாங்கள் இரண்டு பெண்கள் இருந்தோமே.

மேற்கத்திய நாட்டில் வேலை வெறி, நம் ஊரில் நிம்மதி என்று பேசுவது எளிது. அம்மாவுக்கு எந்த ஊரில் நிம்மதி இருந்தது? அம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் அப்பா சொல்லும் பதில், "வூட்டுல சும்மாதான் இருக்குறா." சித்தர்களுக்குச் சும்மா இருப்பது பெரும்பேறு. பெண்ணுக்கு அது குற்றச்சாட்டு.

பிறகு ஒருநாள் ஊர் நூலகத்தில் பெஞ்சமின் ஹன்னிகட் எழுதிய ஒரு புத்தகம் கிடைத்தது. எங்கள் மாநிலத்திலேயே, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பேட்டில் கிரீக் பற்றியது. அங்கிருந்த கெல்லாக்ஸ் தானிய உணவு ஆலையில் 1930 டிசம்பரில் எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்றை ஆறு மணி நேர ஷிஃப்ட் நான்காக மாற்றினார்கள். பெருமந்தக் காலத்தில் இன்னும் பலருக்கு வேலை கிடைக்கட்டும் என்பது காரணம். கூலி கொஞ்சம் குறைந்தும் பெண்கள் அதை விரும்பினார்கள். தோட்டம், குழந்தைகள், அக்கம்பக்கம், படிப்பு என்று அவர்களுக்கு ஒரு பொழுது கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆண்கள் கொஞ்சம் கொஞ்சமாக எட்டு மணி நேரத்துக்குப் போனார்கள். ஆறு மணி நேரம் என்பது பொம்பளை வேலை என்று கேலி வந்தது. கடைசிவரை விடாமல் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1985-இல் அதுவும் முடிந்தபோது, அவர்கள் ஒரு சவப்பெட்டி செய்து ஆறு மணி நேரத்துக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள்.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வைக் கேட்பது ஆம்பளைத்தனமில்லை என்று ஆக்கியதால்தான் அது போயிற்று. அந்தப் பெண்களுக்கும் மிச்சமான இரண்டு மணி நேரத்தில் பாதியை அடுப்படி தின்றிருக்கும். ஆலை நேரம் குறைந்தால் மட்டும் போதாது, வீட்டு நேரமும் பங்கு போடப்பட வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து அம்மா மறுபடி வந்தார். வேலை பார்க்க இல்லை, இருக்க. அதற்கு முன்பே ஆறு மணிக்கு மேல் அழைப்பில் வரமாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தேன். அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டில் சண்டை போட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் யாருக்கு எந்த வேலை என்று எழுதி ஒட்டினேன். சனி, ஞாயிறு சமையல் அவருடையது. முதல் மாதம் உப்பு கூடியது, பிறகு சரியாயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் அம்மாவும் நானும் மகளும் ஏரிக்கரைக்குப் போனோம். அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சேலைத் தலைப்பை மடித்தார், பிரித்தார். "மாப்பிள்ளை பாவம், தனியாக் கெடந்து என்ன செய்யறாரோ" என்றார். "சோறுதாம்மா ஆக்கறாரு" என்றேன். சிரித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் நல்லா நீந்துவேன், தெரியுமா?" என்றார். "கல்யாணத்துக்கு முன்னாடி தடப்பள்ளி வாய்க்கால்ல இக்கரைக்கும் அக்கரைக்கும் போயிட்டு வருவோம். நானுந் தங்காளும்."

எனக்குத் தெரியாது. முப்பத்தி நான்கு வருடம் அவருடைய மகளாக இருந்திருக்கிறேன், இதைக் கேட்கும் நேரம் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்ததில்லை.

அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினார். அன்று அதற்கு மேல் நாங்கள் எதுவும் செய்யவில்லை.