பாசாயில் ஒரு அண்டா

பாசாய் நகரின் கார்ட்டிமார் சந்தைக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. ஈர மரத்தூள், கிளி எச்சம், மீன்தொட்டித் தண்ணீர், நாய்க்குட்டிக்குப் போட்ட பவுடர் எல்லாம் கலந்த ஒரு நெடி. மணிலாக்காரர்கள் தலைமுறைகளாகச் செல்லப்பிராணி வாங்க வருகிற இடம் இது. கம்பிக் கூண்டுகளில் ஷிட்ஸு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. பக்கத்துக் கடையில் லவ் பேர்ட்ஸ், அடுத்ததில் முயலும் வெள்ளெலியும். என்னைக் கூட்டிக்கொண்டு போன அக்கா எந்தக் கூண்டின் முன்னும் நிற்கவில்லை. "பாவம் பார்த்து ஒன்றை வாங்கினால் நாளைக்கு அந்தக் கூண்டில் இன்னொன்று இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார்.

இரவில் கால்சென்டர் வேலை, ஓய்வு நாளில் ஒரு பங்க் குழுவில் பேஸ் கிட்டார் என்று வாழ்கிறவர் அவர். கையில்லாத டெனிம் சட்டை முழுக்கத் துணி ஒட்டுகள். ஒன்றில் முள்வேலிக்குள் பன்றி, ஒன்றில் உடைந்த அணை, இன்னொன்றில் வாசிக்கவே முடியாத எழுத்தில் ஏதோ குழுவின் பெயர். இடுப்பு வார் ரப்பர், காலணி கேன்வாஸ், தோல் மருந்துக்கும் கிடையாது. பிலிப்பைன்ஸ் பங்க் உலகில் விலங்குரிமையும் சுற்றுச்சூழலும் பேசுகிறவர்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்ன என் கையில், அவர் முதல் வேலையாக இரண்டு சாக்குப் பைகளைத் திணித்தார்.

லிபர்டாட் சந்தையில் பைகள் நிறைந்தன. பாசிப்பயறு, டோஃபு, இஞ்சி, பூண்டு, வெங்காயம், கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை. கீரைக்காரம்மா வாடிய கட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

வீடு ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. சுவரில் புத்தக அலமாரி, மூலையில் ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டம், படிக்கட்டில் மூன்று தெருநாய்கள். 'இன்ஃபோஷாப்' என்று இப்படிப்பட்ட இடங்களைச் சொல்கிறார்கள். நூலகம், தங்குமிடம், சமையற்கூடம், கூட்ட அரங்கு எல்லாம் ஒரே அறைதான். பாசாயில் இயங்கிய எட்னிகோ பண்டிடோ இந்த வகையில் பேர்போனது. நான் போன வீடு அதைவிடச் சின்னது. வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை.

வெங்காயம் நறுக்கியபடி கதை கேட்டேன். 'ஃபுட் நாட் பாம்ஸ்', அதாவது குண்டு வேண்டாம் சோறு போடு என்கிற இயக்கம், 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அணு உலை எதிர்ப்பாளர்களால் தொடங்கப்பட்டது. வீணாகப் போகும் காய்கறியை வாங்கிச் சமைத்துப் பொது இடத்தில் இலவசமாகக் கொடுப்பது, அதில் இறைச்சி சேர்க்காமல் இருப்பது, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்காமல் இருப்பது என்பவைதான் அதன் வழக்கம். தலைமையகம், உறுப்பினர் அட்டை எதுவும் கிடையாது. பங்க் இசை போன ஊருக்கெல்லாம் இந்த அண்டாவும் கூடவே போயிற்று. பிலிப்பைன்ஸிலும் அதைச் சுமந்து வந்தவர்கள் பங்க் பிள்ளைகள்தான்.

அன்றைய சமையல் மோங்கோ. நம் பாசிப்பயற்றைக் குழைய வேகவைத்து, பூண்டு தாளித்து, முருங்கைக்கீரை போட்டு இறக்குவது. கத்தோலிக்க நாடு, தவக்கால வெள்ளியில் இறைச்சி ஒதுக்குகிற பழக்கம் நீண்டு, வெள்ளிக்கிழமை என்றாலே பல வீடுகளில் மோங்கோ கொதிக்கிறது. ஆனால் மேலே பொரித்த பன்றித்தோலோ புகையிட்ட மீனோ விழாமல் இருப்பது அபூர்வம். இங்கே அந்த இடத்தை மொறுமொறுப்பாகப் பொரித்த டோஃபு பிடித்துக்கொண்டது. புதிதாக வந்திருந்த பையன் பாகோங் எங்கே என்று தேடினான். இறாலை உப்பில் ஊறவைத்துச் செய்யும் அந்த விழுது இல்லாமல் பாதிப் பிலிப்பைன்ஸ் சமையலுக்கு உயிர் இல்லை. அக்கா உப்பில் ஊறிய கறுப்பு சோயா மொச்சையை அவன் பக்கம் நகர்த்தினார். பையன் ருசி பார்த்து முகம் சுளித்தான். பிறகு இன்னும் இரண்டு கரண்டி போட்டான்.

நம் ஊரில் ஒருவர் கறி தின்பதில்லை என்று சொன்னால் கேட்பவர் மனம் உடனே சாதியைத் தேடிப் போகும். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே இருந்தவர்களில் யாருக்கும் பரம்பரைச் சமையலறையில் கிடைத்த சைவம் அல்ல அது. பன்றிக்கறி இல்லாமல் திருவிழா இல்லை என்று வளர்ந்தவர்கள், நகலெடுத்த கேசட்டிலும் ஜெராக்ஸ் பத்திரிகையிலும் கேட்டுப் படித்து, அம்மாவோடு சண்டை போட்டுக் கறியை விட்டவர்கள். அவர்கள் தட்டில் தீட்டு என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் ஒருவர் கோழி தின்றால் எழுந்து போவதும் இல்லை.

எட்சா நெடுஞ்சாலையும் டாஃப்ட் அவென்யூவும் சந்திக்கிற இடத்தில், பாலத்தடியில் அண்டாவை இறக்கினோம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள், பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள், பாலத்தடியிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள். ஒரு சிறுமி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்து "கறி இல்லையா?" என்றாள். "இல்லைடி கண்ணு" என்று ஒரு கரண்டி டோஃபு கூடுதலாக விழுந்தது. பின்னால் நின்ற கிழவர், போன வாரம் தான் சாப்பிட்டது பக்பக் என்றார். துரித உணவுக் கடைகளின் குப்பையிலிருந்து இறைச்சி ஒட்டிய எலும்புகளைப் பொறுக்கி, கழுவி, மறுபடி பொரித்து மணிலாவின் குடிசைப் பகுதிகளில் விற்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர்.

பக்பக் தின்கிறவரிடம் போய்க் கோழியின் உரிமையைப் பேச முடியுமா? திரும்பி வரும்போது இதை அக்காவிடமே கேட்டேன்.

"சோறு போடாமல் பேசினால் அது திமிர்" என்றார். "சோறு போட்டுவிட்டுப் பேசலாம். அவரும் பேசுவார். எந்தப் பண்ணையில் வேலை பார்த்தார், கோழியை எப்படித் தலைகீழாகக் கட்டித் தூக்குவார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்."

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மணிலாவுக்குப் பங்க் இசையைக் கொண்டுவந்தவர்களில் டி.இசட்.ஆர்.ஜே. வானொலியின் ஹவ்லின் டேவ் முக்கியமானவர். 1985 வாக்கில், சர்வாதிகாரி மார்கோஸின் ஆட்சி ஆட்டம் கண்டிருந்த நாட்களில், ட்விஸ்டட் ரெட் கிராஸ் என்ற சிறு நிறுவனம் உள்ளூர்க் குழுக்களைக் கேசட்டில் பதிந்து வெளியிட்டது. பிட்ரேயட், அர்பன் பேண்டிட்ஸ், டெட் எண்ட்ஸ், வுட்ஸ் என்று பெயர்கள் பரவின. இவர்களில் வுட்ஸ் குழுவினர் பின்னாளில் ஹரே கிருஷ்ணா பக்கம் சாய்ந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த க்ராஸ், கான்ஃப்ளிக்ட் குழுக்களின் கேசட்டுகளோ போர், அணு ஆயுதம், இறைச்சிக்கூடம் மூன்றையும் ஒரே மூச்சில் திட்டின. அந்த மூன்றும் ஒன்றுதான் என்று மணிலாப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கப் படைத்தளமும் சர்வாதிகாரியும் அணு உலையும் அவர்கள் நாட்டிலேயே இருந்தன.

மறுநாள் காலை வடக்கே நடந்து மாலாத்தேவில் உள்ள மணிலா விலங்குக்காட்சிசாலைக்குப் போனோம். அக்கா உள்ளே வரவில்லை. டிக்கெட் வாங்க மாட்டாராம். வாசலில் நின்றபடியே மாலியின் கதையைச் சொன்னார். மாலி, இலங்கையில் தாயை இழந்து பின்னவலை யானைகள் காப்பகத்தில் வளர்ந்த யானைக்குட்டி. மார்கோஸ் காலத்தில் இலங்கை அரசு அன்பளிப்பாக அனுப்பியது. கூட இருந்த இன்னொரு யானை 1990இல் செத்த பிறகு, சிமெண்ட் தரையில் தன்னந்தனியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. சரணாலயத்துக்கு அனுப்புங்கள் என்று விலங்குநல அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடின. இங்கிலாந்துப் பாடகர் மோரிஸ்ஸிகூட அதற்காகக் குரல் கொடுத்தார். அனுப்பவில்லை. 2023 நவம்பரில் மாலி அங்கேயே செத்தது. பின்னவலையில் யானைகள் ஆற்றில் கூட்டமாக இறங்குவதைப் பார்த்த எனக்கு, அந்த வாசலில் நிற்கவே மனம் கூசியது.

"வா, இதன் சாக்கடையைக் காட்டுகிறேன்" என்றார் அக்கா. 2019 ஜனவரியில் இந்த விலங்குக்காட்சிசாலையையே தற்காலிகமாக இழுத்து மூடினார்கள். யானைக்காக அல்ல, அதன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடை வழியாக மணிலா விரிகுடாவில் கலந்ததற்காக. விரிகுடாவைச் சுத்தம் செய்யுங்கள் என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் அரசுத் துறைகளுக்குக் கட்டளையிட்டிருந்தது. சாலைகளைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு மணற்பரப்பு. 2020இல் செபு தீவின் மலையை உடைத்து, டோலமைட் தூளாக்கிக் கொண்டுவந்து கொட்டியது. தெற்கே பாசாய்ப் பக்கம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் வேலை. ஒரு மலை, ஒரு கடல், ஒரு யானை, மீன் கிடைக்காத மீனவர் எல்லாம் அரை மணி நடைக்குள் அடங்கிவிட்டன.

அரசின் கணக்கில் இவை வேறு வேறு கோப்புகள். சட்டம் விலங்குகளைப் பிரித்து வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1998இன் விலங்குநலச் சட்டம் கொல்லத்தக்கவை என்று ஒரு பட்டியல் தருகிறது. மாடு, பன்றி, ஆடு, கோழி, முயல், எருமை, குதிரை, மான், கூடவே முதலை. நாய் அதில் இல்லை. ஆகவே கறிக்காக நாயைக் கொல்வது குற்றம். நாய்ச் சண்டை, குதிரைச் சண்டை இரண்டுக்கும் தடை. சேவல் சண்டை பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. அதற்கு 1974இல் மார்கோஸ் போட்ட தனி ஆணை இருக்கிறது. ஞாயிறுகளிலும் பல அரசு விடுமுறைகளிலும் உரிமம் பெற்ற அரங்கில் தாராளமாக நடத்தலாம்.

அன்று இரவு ஒரு வாகனப் பட்டறையின் பின்கட்டில் கச்சேரி. நுழைவுக்குக் காசு அல்லது ஒரு கிலோ அரிசி அல்லது நாய்த் தீனி. திரளும் பணம் சியாரா மாத்ரே மலையின் துமாகாட் மக்களுக்கு. காலிவா அணை வந்தால் தங்கள் மூதாதையர் காடு முழுகும் என்று 2023 பிப்ரவரியில் அந்த மக்கள் மலையிலிருந்து மணிலா வரை ஒன்பது நாள் நடந்தே வந்தார்கள். பாட்டு எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. வார்த்தை புரியாத எனக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடகர் பேசிய இரண்டு வரியைப் பக்கத்திலிருந்த தம்பி மொழிபெயர்த்தான். ஒன்று சுரங்கம், ஒன்று போலீஸ், ஒன்று கறிக்கோழிப் பண்ணை.

அந்தத் தம்பியின் அப்பா சேவல் சண்டைக்காரர். வீட்டுப் பின்னால் முக்கோணக் கூரை போட்ட குடில்களில் சேவல்கள் கால் கட்டப்பட்டு நிற்கும். "என் பள்ளிக்கட்டணம் பாதி சேவல் கட்டியதுதான் குயா (அண்ணா). அப்பா அவற்றை எங்களைவிட நன்றாகக் கவனிப்பார். பிறகு இடது காலில் கத்தியைக் கட்டுவார்" என்றான். அவரிடம் பேசிப் பார்த்தானா? பேசாத நாளில்லை. 2022இல் இணையவழிச் சேவல் பந்தயத்தை அரசு நிறுத்தியபோது, கடனில் மூழ்கியிருந்த அப்பா சூதாட்டம் தப்பு என்று ஒத்துக்கொண்டாராம். சேவல் விஷயத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றபோது அவன் குரலில் சலிப்பு இல்லை.

இப்படிச் சும்மா சோறு போடுகிற வேலைக்கு ஆபத்தும் உண்டு. 2021 ஏப்ரலில் கேசோன் நகரின் மகின்ஹாவா தெருவில் பட்ரிசியா நோன் என்ற இளம்பெண் ஒரு மூங்கில் வண்டியில் அரிசியும் காய்கறியும் வைத்து, முடிந்தவர் கொடுங்கள், தேவையானவர் எடுங்கள் என்றார். நாடெங்கும் அதைப் பார்த்து வண்டிகள் முளைத்தன. கூடவே கம்யூனிஸ்ட் முத்திரையும் வந்தது. பயந்து ஒரு நாள் நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். பங்க் உலகத்தோடு அவருக்குத் தொடர்பில்லை. ஆனால் சும்மா சோறு போடுகிறவர்மேல் ஏன் சந்தேகம் வருகிறது என்பது அண்டா தூக்குகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தப் பங்க் பிள்ளைகளால் ஒரு சேவல் அரங்கும் மூடப்படவில்லை, மாலியும் விடுதலையாகவில்லை. இருநூறு பேர் கூடினால் பெரிய கூட்டம். சோற்றுக்கு வழியில்லாத நாட்டில் கோழிக்கும் கடலுக்கும் கவலைப்படுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களும் அங்கே உண்டு. நான் பார்த்த வசதி, இரவு வேலை முடிந்து தூங்காமல் பயறு கழுவுகிற வசதிதான். விரிகுடாவின் நாற்றம் முதலில் யார் வீட்டுக்குள் வருகிறதோ அவர்கள்தான் அதைப் பற்றி முதலில் பாடுகிறார்கள். பாலத்தடிக் கிழவருக்கும் பண்ணைக் கோழிக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தத்துவமாகத் தெரிய வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே ஊரில் தினமும் பார்க்கிறார்கள்.

தோற்ற கணக்கு மட்டுமே சொல்வது நியாயமும் ஆகாது. வானம் தெளிந்த நாளில் மணிலாக் கரையிலிருந்து எதிரே பட்டான் மலைகள் தெரியும். அவற்றுக்கு அப்பால் மோரோங்கில், 200 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அணு உலை ஒன்று நிற்கிறது. 621 மெகாவாட் திறன். 1985இல் பட்டான் மக்கள் ஊரையே முடக்கி அதை எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு மார்கோஸ் ஓடினார், செர்னோபிலும் வெடித்தது, உலை கைவிடப்பட்டது. இன்றுவரை அது ஒரு யூனிட் மின்சாரமும் தந்ததில்லை. இப்போது அதே குடும்பத்தின் மகன் ஆட்சியில், அதை ஓட்ட முடியுமா என்று ஆராய 2024இல் ஒரு தென்கொரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அடுத்த கச்சேரி எதற்காக என்று அக்காவிடம் கேட்டேன். மோரோங்குக்கு என்றார், அண்டாவை லாரியில் ஏற்ற இடம் இருக்குமா என்பதுதான் அப்போதைக்கு அவருக்கு இருந்த ஒரே சந்தேகம்.