அது அவர் உழைத்த பணம், அம்மிணி

அம்மிணி, புருஷன் நல்லபடியாக இருக்கும்போது அவருடைய பி.எஃப். கணக்கைப் பற்றிக் கேட்பது அபசகுனம் என்று உன் வீட்டில் சொல்கிறார்களாம். பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பிலேயே காலம் கழித்தவள் நான். கேட்காமல் இருந்துவிட்ட பெண்கள் பிறகு பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரருக்காக முதலாளி கட்டும் பி.எஃப். பங்கில் ஒரு பகுதி, 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. வேலையில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டால், ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. பத்து வருஷம் முடியவில்லை, ஒன்றும் வராது என்று யாரோ சொன்னதை நம்பி, மனுவே போடாமல் விட்டவர்கள் உண்டு. அந்தப் பத்து வருஷக் கணக்கு அவர் ஓய்வு பெற்று வாங்கும் பென்ஷனுக்குத்தான். பிள்ளைகள் இரண்டு பேருக்கு 25 வயது வரை தனியாக வரும். அதோடு ஈ.டி.எல்.ஐ. என்ற தொழிலாளர் உயிர்க் காப்பீடு, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். தொழிலாளி கையிலிருந்து இதற்கு ஒரு பைசாவும் பிடிப்பதில்லை. அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது.

பென்ஷன் பெரிய தொகையில்லை. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். போதாதுதான். ஆனாலும் மாத்திரை வாங்க மகனிடம் கை நீட்டாமல் இருப்பது சின்ன விஷயமா? பென்ஷன் வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு உன் கையிலேயே இருக்கட்டும்.

மறுமணம் செய்துகொண்டால் இந்தப் பென்ஷன் மனைவிக்கு நின்றுவிடும். பிள்ளையில்லாத மத்திய அரசு ஊழியரின் மனைவிக்கோ, வேறு வருமானம் குறைவாக இருந்தால், மறுமணத்துக்குப் பிறகும் தொடரும். மில் தொழிலாளி மனைவிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? இதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பி.எஃப். இல்லாத கூலி வேலைக்காரர் வீட்டில், ஆதரவில்லாமல் நிற்கும் பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசின் விதவை உதவித்தொகை இருக்கிறது. 2023இல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள்.

காரியத்தை இழுத்தடிப்பது காகிதம்தான். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றால் அலைந்தே கால் தேயும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் யார் நினைவில் வைப்பார்கள்?

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரை உட்கார வைத்து, யூ.ஏ.என். என்கிற அவருடைய பி.எஃப். எண்ணைப் போட்டுக் கணக்கைத் திறக்கச் சொல். கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த நாமினியை மாற்றி, ஆதாரில் உள்ளபடியே உன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் ஏற்றிவிடுங்கள்.